புதுச்சேரி கடற்கரை மீட்பு

புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலையை ஒட்டி 1980களின் இறுதியிலிருந்து அரிப்பில் மறைந்த மணற்பரப்பைத் திரும்பக் கொண்டுவர எடுக்கப்பட்ட முயற்சி இது. சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஊர் என்பதால், வார இறுதிக் கூட்டமே இதன் சுற்றுலாவுக்கு முதுகெலும்பு. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் நுழையாத சாலை எனப் பார்க்கவும் நடக்கவும் எல்லாம் இருந்தன. கால் வைக்க மணல்தான் இல்லை. சாலை முடிந்ததும் கருங்கல் குவியல், அதைத் தாண்டினால் கடல். விளக்குக் கம்பமும் நடைபாதைக் கல்லும் மட்டும் கடற்கரையைப் புதுப்பித்துவிடாது, கணக்கை மணலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியை விடத் தெளிவான சான்று இந்தக் கரையில் இல்லை.

சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவத்தின் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மிச்சம் வடக்குக்கே. இந்த ஓட்டத்தின் குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரையும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபோது மெரினா அகன்றதும், இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியதும் இதனால்தான். நாம் பெருமைப்படும் மெரினாவின் அகலத்தில் பாதி வடசென்னையின் இழப்பு என்றே சொல்லலாம். புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபோதும் அதுவே நடந்தது. தடுக்கப்படும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரைக் காக்கக் கொட்டிய கற்கள் அரிப்பை நிறுத்தவில்லை, இடம் மாற்றின. அடுத்து அடி விழுந்தது கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என விழுப்புரம் மாவட்டத்து மீனவ ஊர்களுக்கு. வலை உலர்த்தவும் படகை ஏற்றி நிறுத்தவும் இருந்த இடம் போனது.

தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை அமர்த்தியது. கரையிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அலை அதன்மேல் ஏறி உடைந்து வலுவிழக்கும். பின்னால் தணிந்த நீரில் மணல் படியும். முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. சில மாதங்களில் கற்களுக்கு முன்னே மணல் விரிந்தது. பிள்ளைகள் அலையில் கால் நனைத்தார்கள். சுண்டல்காரர்களும் கீழே இறங்கினார்கள்.

மணல் இல்லாதபோதும் கூட்டம் வந்ததே, இந்தச் செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் நிற்கும் சாலைக்கே மணல்தான் முதல் அரண்; அலையின் வேகத்தைக் கரைக்கு முன்பே வாங்கிக்கொள்வது அதுதான். 2004 சுனாமியில் நகர மையத்தைக் காத்தது கற்சுவர்தானே என்ற எதிர்வாதம் இன்னும் வலுவானது. சுவரை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சுவர் தனக்குப் பின்னால் இருப்பதைக் காக்கும், முன்னால் உள்ள மணலைக் காக்காது. பக்கத்து ஊரை நிச்சயம் காக்காது. துறைமுகத்தை மூடுவதும் தீர்வல்ல, மீனவர்களுக்கு அது பிழைப்பு. சங்கடமான கேள்வி வேறு: புதுச்சேரி பிடித்துவைக்கும் மணல் கோட்டக்குப்பத்துக்குப் போக வேண்டியதுதானே? திட்டு தன்னளவில் மணலை உண்டாக்குவதில்லை, வருவதைத்தான் தேக்குகிறது. ஆகவே துறைமுக வாயில் மணலை ஆண்டுதோறும் வடக்கே கடத்தும் வேலை நடந்தால்தான் இந்தக் கடற்கரை அயலார் கணக்கில் வாங்கிய கடனாக இருக்காது. அந்தச் செலவைப் புதுச்சேரி ஏற்றால் பலனில் பெரும்பங்கு எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக்குப் போகும். தமிழ்நாடு ஏற்கலாம் என்றாலோ, தூர்வார வேண்டிய துறைமுகம் புதுச்சேரியுடையது.