களவு போனால் ஜீப் ஏன் முதலில் அந்தத் தெருவுக்கே போகிறது?

பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சில ஆண்டுகளுக்கு முன்பு பம்புசெட் வயர் களவு போனது. விடிவதற்குள் ஜீப் வந்து நின்றது தோப்பில் அல்ல, குறவர் வீடுகள் இருக்கும் தெருவில். தூங்கிக்கொண்டிருந்த மூன்று இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். தகவல் கேட்டு நாங்கள் நிலையத்துக்குப் போனோம். புகாரில் அவர்கள் பெயர் இல்லை, பார்த்ததாகச் சொல்லச் சாட்சி இல்லை, கைப்பற்றிய பொருளும் இல்லை. எங்களிடம் பேசிய காவலர் கோபப்படக்கூட இல்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இவங்கள விட்டா வேற யாரு சார்?"

மாலையில் விட்டுவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. அதனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒற்றை வரி எங்களை விடவில்லை. அது அந்தக் காவலர் சொந்தமாக யோசித்த வரி அல்ல. அதற்கு நூற்றைம்பது ஆண்டு வயது. ஒரு காலத்தில் அது சட்டமாகவே இருந்தது.

முதலில் நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். பாளையங்கள் இருந்த காலத்தில் தென்மாவட்டங்களில் காவல் என்பது பரம்பரை உரிமை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேத்தூர், சிவகிரி போன்ற மறவர் பாளையங்களில் ஊருக்கு ஸ்தலக்காவல், வட்டாரத்துக்குத் தேசகாவல் என்று முறை இருந்தது. ஊரார் காவல் வரி கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இதை நாங்கள் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. காவல் வரி என்ற பெயரில் நடந்த மிரட்டலையும், அதன் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கியது என்பதையும் நம் சேரிகள் அறியும். ஆனால் கம்பெனி ஆட்சி பாளையங்களை ஒடுக்கி, காவல் உரிமையைப் பறித்து, 1859-இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, நேற்றுவரை காவல்காரராக இருந்தவர் சந்தேகத்துக்குரியவர் ஆனார்.

குறவர்களின் கதை வேறு, முடிவு ஒன்று. அவர்கள் கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்து வியாபாரம் செய்தவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது, ரயில் வந்தது. தொழில் போனது. தொழில் போன பிறகும் அவர்கள் ஊர் ஊராக நடந்துகொண்டுதான் இருந்தார்கள். வரி வாங்க முகவரி இல்லாத மனிதரைப் பார்த்தால் அரசுக்கு ஆகாது.

12 அக்டோபர் 1871 அன்று குற்றப் பழங்குடிகள் சட்டம் நிறைவேறியது. அந்த மசோதாவுக்காக முன்வைக்கப்பட்ட வாதம் எளிமையானது: இந்தியாவில் தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர், ஆகவே குற்றவாளியின் மகன் குற்றவாளி. கவனியுங்கள், இது வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த இனவாதம் மட்டும் அல்ல. பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும் என்ற நம் ஊர்ச் சாதிச் சட்டத்தைக் கடன் வாங்கி, அதன்மேல் அவன் போலீஸ் முத்திரையைக் குத்தினான். மனுவும் ஐரோப்பிய இனவாதமும் கைகுலுக்கிய இடம் அது.

முதலில் வட இந்தியாவில் அமலான இந்தச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தை அரசு அறிவித்துவிட்டால் போதும். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பெயரைப் பதிய வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிரமலைக் கள்ளர் நாட்டில் ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊருக்குப் போகக் கையில் ராதாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 3 ஏப்ரல் 1920 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

இந்தப் பட்டியலை இன்று பலரும் ஒன்றிரண்டு சாதிகளின் கதையாக மட்டும் சொல்கிறார்கள். அதில் தென்னார்க்காட்டின் வேப்பூர்ப் பறையர்களும் இருந்தார்கள். குறவர்களின் பல பிரிவுகள் இருந்தன. மேடை கிடைத்தவர்களின் வலி வரலாறு ஆனது, கிடைக்காதவர்களின் வலி போலீஸ் ஃபைலில் தங்கிவிட்டது.

சட்டத்தின் இன்னொரு முகத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அது கூலி. அறிவிக்கப்பட்ட மக்களைக் குடும்பத்தோடு அடைத்துவைக்கக் குடியேற்றங்கள் அமைத்தார்கள். குண்டூர் மாவட்டத்தில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று, தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர் இன்னொன்று. "சீர்திருத்தம்" என்பது அதற்கு வைத்த பெயர். ஸ்டூவர்ட்புரத்து மக்கள் சீராலாவில் இருந்த புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். வேலையை விட்டு ஓடினால் கைது. இப்படி ஒரு தொழிலாளி எந்த முதலாளிக்குக் கிடைப்பான்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே கை எழுதியதுபோல இருக்கும். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது, ஆனால் குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்று அதே திருத்தத்தில் ஒரு விலக்கு இருந்தது. உடனே தென் மாநிலங்கள் வேலையில்லாமல் திரிவதையே குற்றமாக்கின. விடுதலையான கறுப்பினத்தவரைப் பிடித்து, தண்டித்து, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கைதிகளாக வாடகைக்கு விட்டார்கள். அங்கும் இங்கும் ஒரே வரிசைதான்: முதலில் பிழைப்பைப் பறி, பிறகு திரிகிறான் என்று சொல், பிறகு குற்றவாளி என்று எழுது, கடைசியில் கூலி கொடுக்காமல் வேலை வாங்கு. "அவர்கள் இயல்பிலேயே அப்படித்தான்" என்ற கருத்து இதற்குப் பிறகு பிறந்த குழந்தை.

அந்தக் குழந்தை நீண்ட ஆயுள் கொண்டது. நியூயார்க் போலீஸ் 2011 என்ற ஒரே ஆண்டில் 6,85,724 முறை ஆட்களை நிறுத்திச் சோதித்தது. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முடியவில்லை. 2013-இல் நீதிமன்றம் அந்த நடைமுறை அரசமைப்புக்கு விரோதமானது என்றது.

நம் ஊரில்? சென்னை மாகாணத்தில் 1947-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் நீக்கப்பட்டது. 31 ஆகஸ்ட் 1952-இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆனால் அதற்குப் பதில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது, சென்னையில் 1948-லேயே. சமூகத்தின் பெயர் சட்டப் புத்தகத்திலிருந்து போனது, நிலையத்துப் பதிவேட்டிலிருந்தும் மனதிலிருந்தும் போகவில்லை. கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை 1993-இல் ஒரு திருட்டுப் புகாருக்காகப் பிடித்துப்போய்க் கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று எழுதினார்கள். அவர் மனைவி பார்வதி விடாமல் போராடினார், வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார், மார்க்சிஸ்ட் தோழர்கள் உடன் நின்றார்கள். 'ஜெய்பீம்' படத்தில் அவரை இருளராகக் காட்டினார்கள். உண்மையில் அவர் குறவர். படம் பார்த்து அழுத எத்தனை பேருக்கு இது தெரியும்?

2020-இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட அடுத்த மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் போலீஸ் சித்திரவதையால் இறந்தார்கள். தமிழ்நாடு கொதித்தது, கொதித்தது நியாயம். ஆனால் கடை வைத்திருந்த ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நடந்தபோது எழுந்த குரல், குறவர் தெருவிலிருந்து ஒருவர் பிணமாகத் திரும்பும்போது ஏன் எழுவதில்லை? "ஏதாவது செஞ்சிருப்பான்" என்று நம் மனம் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஜீப்பில் ஏற்றுவது போலீஸ் என்றாலும், ஏற்ற அனுமதி தருவது அந்தத் தீர்ப்புதான்.

இங்கே நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். கொடியங்குளமும் தாமிரபரணியும் பரமக்குடியும் போலீஸ் நம்மை எப்படிப் பார்க்கிறது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவை. 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், 2019-இல் விசாரணைக் கைதிகளில் சுமார் 21 சதவீதம். இவ்வளவும் தெரிந்த நம் தெருக்களிலேயே "குறவன் புத்தி" என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. எங்கள் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறோம், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தும் இருக்கிறோம். அதேபோல, ரேகை வைக்க மறுத்துக் குண்டடிபட்டவர்களின் வாரிசுகள் என்று பெருமை பேசுகிறவர்களில் பலர், இன்று சேரிப் பையனைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்கிறார்கள். பட்டியலிலிருந்து வெளியே வந்தவர் அடுத்தவரை உள்ளே தள்ளினால் பட்டியல் சாகாது.

3 அக்டோபர் 2024 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகளையும் அது ஏற்கவில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் செய்ய முடிந்தது. யாரையாவது பிடித்துப்போனால் அன்றே நிலையத்துக்குப் போவோம். எந்த வழக்கில், எந்தச் சாட்சியத்தில் என்று கேட்போம். கேட்டதை, நேரத்தோடு, எழுத்தில் வைப்போம். எழுத்தில் இல்லாத நாளைத்தான் அவர்கள் நடக்காத நாளாக்குகிறார்கள்.

அந்த மூன்று இளைஞர்களில் ஒருவர் இப்போது ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது மில் அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டுதான் வருகிறார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ராதாரிச் சீட்டு ஒழிந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.