துப்பாக்கிக்கு வெந்நீர் ஸ்நானம்
1891-ல் ஜார் மன்னரின் சேனைக்கென்று ஏற்கப்பட்ட மோஸின்-நாகாந்த் துப்பாக்கி, இரண்டு மகாயுத்தங்களைக் கண்டது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு, கிடங்குகளில் கிரீஸ் பூசிக் கிடந்தவை அமெரிக்கக் கடைகளில் மலிவாக வந்து குவிந்தன.

முதன்முதலாக ஒன்றை வாங்கியவருக்கு நான் சொல்வது இதுதான்: விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடாதீர்கள். பழைய தோட்டாவைச் சுட்டால், அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றுங்கள்.

இரும்புக்குத் தண்ணீரா என்று திகைக்க வேண்டாம். பழைய தோட்டாவின் கேப்பிலே பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்ததும் அது ஒருவகை உப்பாகிக் குழலில் படிகிறது; காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றுகிறது. அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடுங்கள். லீ-என்ஃபீல்டு ஏந்திய பிரிட்டிஷ் சிப்பாய்களும் இப்படித்தான் வெந்நீர் ஊற்றினார்கள்.

யுத்தத்தில் பிழைத்த இரும்பை ஒரு சிட்டிகை உப்புக்குப் பலி கொடுக்கலாமா?