ஆறுக்கு மூன்று

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார் நகராமல் நிற்கும் நேரத்தில்தான் நான் பாட்காஸ்ட் கேட்கிறேன். என் பட்டியல் கொஞ்சம் விநோதமானது. சிரம்பானில் புதிதாக வக்கீல் அலுவலகம் திறந்திருக்கும் பள்ளித் தோழன் அனுப்பிவைப்பவை பாதி. முதல் கட்சிக்காரர் எப்படிக் கிடைத்தார், இரண்டு மேசை போட்ட கடைவீட்டு ஆபீஸ் எப்படி இரண்டு மாடியானது என்று வக்கீல்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் நிகழ்ச்சிகள். மீதிப் பாதி நானே தேடிக்கொள்பவை: பாடகர்கள், வாத்தியக்காரர்கள், இசையமைப்பாளர்களின் வாழ்க்கை.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. வக்கீலின் கதையில் கண்டிப்பாக 'அந்த ஒரு கேஸ்' வரும். அதுவரை யாருக்கும் தெரியாதவர், அதன் பிறகு எல்லாருக்கும் தெரிந்தவர். பாடகரின் கதையிலும் சில சமயம் ஒரு கேஸ் வரும். ஆனால் அங்கே அது பள்ளம். அதுவரை எல்லாரும் கொண்டாடியவர், அதன் பிறகு யாரும் சீண்டாதவர். இரண்டு பேரும் ஒரே கேஸைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர்.

பாகவதரை எனக்குச் சொன்னது தாத்தா. தோட்டத்தில் பால்மரம் சீவியவர், சாயங்காலத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தை விட்டு நகரமாட்டார். "தங்கத் தட்டுல சாப்ட்ட மனுசன்யா. ஒரு பத்திரிகைக்காரன் செத்தான், அதோட எல்லாம் போச்சு. விதி" என்பார். கதை அவ்வளவுதான். யார் செத்தார், எப்படிச் செத்தார், பாகவதருக்கு அதில் என்ன சம்பந்தம், வெளியே எப்படி வந்தார் என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லுக்குள் அடங்கிவிடும். பின்னாளில் நான் கேட்ட நிகழ்ச்சிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான், பின்னணி இசை மட்டும் கூடுதல்.

நான் படித்தது பொறியியல். ஒரு பம்ப் உடைந்தால் 'விதி' என்று அறிக்கை எழுதி மேலாளரிடம் கொடுக்க முடியாது. எந்த இடத்தில், எந்தச் சுமையில், எதற்காக உடைந்தது என்று எழுத வேண்டும். பாகவதர் விஷயத்தையும் அப்படித்தான் தேடத் தொடங்கினேன்.

செத்தவர் சி. என். லட்சுமிகாந்தன். 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவது, எழுதாமலிருக்கப் பணம் வாங்குவது, இதுதான் அதன் தொழில் என்று சொல்வார்கள். பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனு கொடுத்து அதன் உரிமத்தை ரத்துசெய்ய வைத்தார்கள். லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டு ரிக்ஷாவில் திரும்பும் வழியில் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடுத்த மாதமே பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கைதானார்கள். கத்தியை எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

கைதுக்குச் சில வாரம் முன்புதான், தீபாவளிக்கு, 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்டது என்பது எல்லாரும் சொல்லும் பெருமை. அந்த மூன்றில் இரண்டு தீபாவளிக்குப் படத்தின் நாயகன் சிறையில் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

வழக்கு நேரடியாக மெட்ராஸ் ஹைகோர்ட்டில், நீதிபதி மாக்கெட் முன்னால், ஒன்பது பேர் கொண்ட ஜூரியுடன் நடந்தது. அரசுத் தரப்பின் முக்கியத் தூண் ஓர் அப்ரூவர், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவராக இருந்து மன்னிப்புக்காகச் சாட்சியாக மாறியவர். நாயுடுவுக்காக வாதாடியவர் கே. எம். முன்ஷி, குஜராத்தி நாவலாசிரியரும்கூட. நாயுடு தப்பித்தார். மற்ற இருவரையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. ஆறு பேர் குற்றவாளி, மூன்று பேர் இல்லை. 1945 மே 3-ஆம் தேதி ஆயுள் தண்டனை.

ஆறுக்கு மூன்று. இந்த எண்ணில் நான் ரொம்ப நேரம் நின்றேன். அன்றைய குற்ற விசாரணைச் சட்டப்படி ஹைகோர்ட் ஜூரியில் ஆறு பேராவது ஒரே கருத்தில் இருந்து, நீதிபதியும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு என்றால் தீர்ப்பே இல்லை, ஜூரியைக் கலைத்துவிட வேண்டும். அதாவது பாகவதரின் தலையில் விழுந்தது சட்டம் அனுமதித்த மிகக் குறைந்தபட்சச் சுமை. ஒரே ஒரு ஆள் மறுபக்கம் உட்கார்ந்திருந்தால் தாத்தாவின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். இதை விதி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த விதிக்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு எண் இருக்கிறது.

அடுத்து அப்பீல். ஹைகோர்ட்டே நேரடியாக நடத்திய குற்ற வழக்கில், சாட்சியங்களைக் கேள்வி கேட்டு அப்பீல் போகும் வழி 1943-ல் வந்த திருத்தத்தால்தான் திறந்தது. பாகவதர் அந்த வழியில் நுழைந்த ஆரம்பகாலக்காரர்களில் ஒருவர். தலைமை நீதிபதி லயனல் லீச்சின் அமர்வு 1945 அக்டோபரில் தண்டனையை உறுதிசெய்தது. ஜூரி சொன்னபின் சாட்சிகளை மறுபடி எவ்வளவு தூரம் தோண்டலாம் என்பதுதான் உள்ளே கிடந்த சட்டக் கேள்வி. அந்தக் கேள்வி கப்பலேறி லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. (நம் மலேசிய வழக்குகளும் 1985 வரை அங்கேதான் போய் நின்றன. தோழனுக்கு இது தெரியும், எனக்குத் தெரியாது.) பிரிவி கவுன்சில் தானாக விடுதலை செய்யவில்லை. அப்பீலை மறுபடி ஒழுங்காகக் கேட்கச் சொல்லி மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் வேறு இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை எடைபோட்டு, அப்ரூவரை நம்ப முடியாது என்று இருவரையும் விடுவித்தார்கள். கைதாகி ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அங்கே வாதாடியவர் வி. எல். எத்திராஜ். மறு வருடம் அவர் தொடங்கிய பெண்கள் கல்லூரி இன்றும் அவர் பெயரில் சென்னையில் இருக்கிறது.

லண்டனில் பாகவதர் தரப்பில் நின்றவர் டி. என். பிரிட். இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் காரை ஓரம் கட்டினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஏற்கெனவே ட்ராஃபிக்கில் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஏனென்றால் பிரிட்டை எனக்கு வேறொரு கதையில் தெரியும், அது நம்முடைய கதை.

1954. மலாயா பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில், புக்கிட் தீமாவில் இருந்தது. சோஷலிஸ்ட் மன்ற மாணவர்கள் நடத்திய 'ஃபஜார்' பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரைக்காக எட்டுப் பேர் மீது ராஜதுரோக வழக்கு. ஜேம்ஸ் புதுச்சேரி, எம். கே. ராஜகுமார், அருட்சோதி, பின்னாளில் கவிஞராக நாம் படித்த எட்வின் தம்பு எல்லாரும் அந்த எட்டில் இருந்தார்கள். அவர்களுக்காக லண்டனிலிருந்து வந்தவர் பிரிட். அவருக்கு உதவி வக்கீலாக நின்றவர் லீ குவான் யூ. ஆகஸ்ட் மாதம், எதிர்த்தரப்பு சாட்சி சொல்ல வேண்டிய தேவைகூட வராமல், எட்டுப் பேரும் விடுதலை.

ஆக, ஒரே பாரிஸ்டர் பாகவதருக்காகவும் நின்றிருக்கிறார், புதுச்சேரிக்காகவும் நின்றிருக்கிறார். பிரிட்டின் கட்சிக்காரர் பட்டியலே தலைசுற்ற வைக்கும். 1931-ல் ஹாங்காங்கில் பிடிபட்ட ஹோ சி மின்னுக்காகப் பிரிவி கவுன்சிலில் எழுந்தவர். கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடினார், தோற்றார். இந்த வரிசையில் ஒரு தமிழ்ப் பாடகரின் அப்பீல் எவ்வளவு சின்ன இடம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலனிகளிலிருந்து கப்பலில் வந்த கட்டுகளில் இன்னொரு கட்டு. அதே கட்டு பாகவதரின் வாழ்க்கையை முன், பின் என்று இரண்டாகக் கிழித்தது.

தோழனுக்கு ஃபோன் பண்ணி இதைச் சொன்னேன். அவனுக்குப் பிடித்தது வேறு.

"லீ குவான் யூ பார்த்தது சுத்தமான பிராக்டிஸ் பில்டிங், மச்சான்" என்றான்.

அவன் சொல்வதில் உண்மை உண்டு. லண்டனில் படித்துவிட்டு வந்த லீ, லாய்காக் அண்ட் ஓங் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1952-ல் தபால்காரர்களின் வேலைநிறுத்தத்துக்குச் சட்ட ஆலோசகராக நின்றார். அதிலிருந்து தொழிற்சங்கங்கள் வரிசையாக வந்தன. பிறகு ஃபஜார். 1955-ல் மனைவியோடும் தம்பியோடும் லீ அண்ட் லீ என்று சொந்த நிறுவனம். எந்தப் பாட்காஸ்ட்காரரும் முத்தமிடும் வளர்ச்சி. ஆனால் அந்தக் கதையில் புதுச்சேரி ஒரு படிக்கட்டு. புதுச்சேரியின் கதையை அவர் பக்கமிருந்து சொன்னால், 1954-ல் கிடைத்த விடுதலை நீடிக்கவே இல்லை. 1956-ல் மறுபடி உள்ளே போனார். அவரைத் தீவுக்குள் விடக்கூடாது என்ற பின்னாளைய தடை, லீயின் ஆட்சியில் வந்தது.

ஜூரிக்கும் சிங்கப்பூரில் ஒரு வக்கீல் கதை உண்டு. டேவிட் மார்ஷல் ஜூரி முன்னால் பேசியே பெயர் எடுத்தவர். 1969-ல் ஜூரி முறையை ஒழிக்கும் மசோதா தேர்வுக்குழுவுக்கு வந்தபோது, தான் எடுத்த 100 கொலை வழக்குகளில் 99-ல் விடுதலை வாங்கியதாகச் சொன்னார். அந்த 99 பேரும் குற்றமற்றவர்களா என்று லீ கேட்டார். என் வேலை வாதாடுவது, தீர்ப்புச் சொல்வது இல்லை என்பதுதான் மார்ஷலின் பதிலின் சாரம். ஒரு வக்கீலின் பெருமைக் கணக்கே அவர் காக்க வந்த முறைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஜூரி போனது. மலேசியாவில் 1995-ல் போனது. பாகவதரின் ஆறுக்கு மூன்றைப் படித்தபின் எனக்கு இதில் உறுதியான கட்சி எடுக்க முடியவில்லை. அவரைச் சிறைக்கு அனுப்பியது ஜூரி, விடுவித்தது நீதிபதிகள். ஆனால் முதல் தடவை கதவைச் சாத்தியவர்களும் நீதிபதிகள்தான்.

பிரிட்டை நாயகனாக்கி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு 1936-க்குப் போய்ப் படித்தேன். அந்த ஆண்டு மாஸ்கோவில் ஸினோவியேவ், கமனேவ் உட்பட 16 பேர் மீது ஸ்டாலின் நடத்திய விசாரணையைப் பிரிட் நேரில் உட்கார்ந்து பார்த்தார். ஊர் திரும்பி, அது நியாயமான விசாரணை என்று ஒரு சிறுநூல் எழுதினார். 16 பேரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அங்கே ஆதாரம் என்று இருந்தது பெரும்பாலும் அவர்களே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலங்கள். மெட்ராஸில் ஒரே ஒரு அப்ரூவரின் வாக்குமூலத்தில் நின்ற தீர்ப்பை எதிர்த்துப் பத்து ஆண்டு கழித்து வாதாடியதும் அதே வாய்தான். இந்த இரண்டையும் எப்படி ஒரே ஆளுக்குள் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வக்கீல் வாழ்க்கைக் கதைகளில் அவரவர் எடுத்துக்கொண்ட வழக்குகள் மட்டும்தான் வரும். தொடாமல் விட்டவை எந்த எபிசோடிலும் இல்லை.

சிறையிலிருந்து வந்த இருவரில் கிருஷ்ணன் எழுந்துவிட்டார். 'நல்லதம்பி', பிறகு அவரே இயக்கிய 'மணமகள்' என்று வேலை தொடர்ந்தது. சிரிக்க வைக்கிறவருக்குச் சிறையும் ஒரு கதைப்பொருள். பாகவதர் 1948-ல் 'ராஜமுக்தி' எடுத்தார், ஓடவில்லை. அதன் பிறகு வந்தவையும் பழைய உயரத்தைத் தொடவில்லை. ரசனை மாறிவிட்டது, வசனப் படங்களின் காலம் வந்துவிட்டது என்பார்கள். அது சரிதான், ஆனால் மாறிக்கொண்டிருந்த அந்த இரண்டரை ஆண்டில் அவர் வெளியே இருந்திருந்தால் கூடவே மாறியிருப்பாரா என்று கேட்கவும் இடமிருக்கிறது. 1959 ஜூனில் லீ குவான் யூ பிரதமரானார். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பாகவதர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

போன மாதம் தோழன் இன்னொரு எபிசோட் அனுப்பியிருந்தான், சரியான கேஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று. கேட்டுக்கொண்டே வந்தேன், மனசு மறுபடி ஜூரி அறைக்குப் போய்விட்டது. 1945 மே மாதம் அந்த ஒன்பது பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த வருடத் தீபாவளிக்கும் பிராட்வேயில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேரில் யாராவது குடும்பத்தோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருப்பார்களா?