கோடையில் மட்டும் ஒளிரும் இல்லங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ், மத்தி மீனை நம்பி வாழ்ந்த ஊர். 1877-இல் அங்கு இரயில் வந்தது. மீன்வளம் குன்றக் குன்ற, கோடை விருந்தினர் பெருகினர். வலைகளும் பாய்களும் வைத்திருந்த மாடிகள் ஓவியர்களின் கூடங்களாயின. காலப்போக்கில், வெளியூர்ச் செல்வர்கள் மீனவர் வீடுகளையே கோடை வாசத்திற்கென விலைக்கு வாங்கினர். விலை உயர்ந்தது, உள்ளூர் இளையோர்க்கு வீடு எட்டாக்கனியாயிற்று.

2016-இல் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிலையாகக் குடியிருப்போர்க்கே உரியவை என 83 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அவ்வாண்டே உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. எனினும் அவ்விதி பழைய வீடுகளைக் கட்டுப்படுத்தவில்லை; ஆண்டில் சில வாரமே தங்குவோர் அவற்றை இன்றும் வாங்கலாம்.

குளிர்காலத்தில் அண்டை வீடு பூட்டிக் கிடக்குமாயின், நோயுற்ற முதியவரின் குரலுக்குச் செவிகொடுப்பவர் யார்? வீட்டை வாங்கும் உரிமையோடு, அயலாராய் வாழும் கடமையும் சேர்ந்ததன்றோ?