ஆரம்ப இருப்பு எழுதாத கடல்

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு ஆழ்கடல் இறாலைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் சிரிக்கலாம். நமக்குக் கடல் என்றால் திண்டிவனம் தாண்டி மரக்காணம். இறால் என்றால் அந்தப் பக்கத்துக் கழியிலிருந்து கூடையில் வருவது. சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது மீன்பிடித் துறைமுகத்தை எட்டிப் பார்த்தேன். அங்கே குவியலாகக் கிடந்த இறால் பச்சையாகவே, வேகவைத்ததுபோல் சிவந்திருந்தது. “அண்ணாச்சி, இது ஆழத்து எறா” என்றார் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். சிவப்பு வெளிச்சம் அந்த ஆழத்துக்கு எட்டாது. ஆகவே மேலே சிவப்பாகத் தெரிவது கீழே கருப்பாகி, இருட்டோடு இருட்டாக மறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்து படித்தேன். வியாபாரிகள் ‘ரெட் ரிங்’ என்று சொல்லும் இறாலுக்கு விஞ்ஞானப் பெயர் அரிஸ்டியஸ் அல்காக்கி. அல்காக் என்பவர் பம்பாயில் 1859-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர். பம்பாயில் கட்டிய ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற மரக்கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தார். கப்பலின் வேலை கடல் வரைபடம் தயாரிப்பது. அதற்கிடையே நேரம் கிடைத்தால்தான் இவர் வலை இறக்கலாம். வங்காள விரிகுடா, அந்தமான், திருவிதாங்கூர்க் கரை என்று அப்படி அள்ளியதை வைத்து 1901-இல் ஆழ்கடல் இறால் வகைகளுக்குப் பெரிய அட்டவணையே வெளியிட்டார்.

இந்த இறாலுக்கு மத்தியதரைக் கடலில் ஒரு பங்காளி உண்டு. அதை 1816-இலேயே நீஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் ரிஸ்ஸோ பிரெஞ்சில் எழுதி வைத்துவிட்டார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். அதற்குப் பிறகு, 1843-இல், ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிரே இராது என்று சொன்னார்! பலரும் நம்பினார்கள்.

பெயர் வைப்பது வேறு, கணக்கு எடுப்பது வேறு. நான் எழுத வந்தது இதைத்தான். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு பண்டகசாலைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இருப்புப் பதிவேட்டில் வரவு இருந்தது, செலவு இருந்தது, ஆரம்ப இருப்பு மட்டும் இல்லை. பதினொரு நாள் எண்ணி எழுதினேன். ஆனால் அது நான் எண்ணிய நாளின் இருப்புதானே? அதற்கு முன்னால் போனது எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

இறாலுக்கும் அதே சங்கடம். அதன் வயதைக் கண்டுபிடிப்பது லேசல்ல. மீனுக்குக் காதுக்குள் இருக்கும் கல்லில் வளையம் எண்ணலாம். இறாலோ ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போர்த்திக்கொள்கிறது. ஆகவே கண்குழியிலிருந்து முதுகோட்டின் பின்விளிம்பு வரை அளந்து, எந்த அளவில் எத்தனை என்று ஆயிரக்கணக்கில் குறித்து, அதிலிருந்து வயதை ஊகிக்கிறார்கள். ஆண், பெண் தனித்தனியாக அளக்க வேண்டும். இந்த இனத்தில் பெண்தான் பெரியது. வளர்ந்த ஆணுக்கு நெற்றிக் கொம்பும் குட்டை.

வலை படாத இடத்தில் ஓர் இறால் செத்தால் மூப்பு, நோய், பெரிய மீனின் வாய் இவைதாம் காரணம். அங்கே எடுக்கும் கணக்குதான் இயற்கைச் சாவின் கணக்கு. வலை இறங்கிவிட்டால் இரண்டு சாவும் ஒரே பத்தியில் விழுந்துவிடும். பிறகு பிரிப்பது மகா கஷ்டம். பெரிய உருப்படிகள் முதலில் குறையும். பழையது எவ்வளவு பெரிது என்பது தெரியாதவனுக்குக் குறைந்ததும் தெரியாது.

நம் நாட்டில் 1960-களில் இந்திய–நார்வே திட்டக் கப்பல்கள் கொல்லத்துக்கு அப்பால் ஆழத்தில் வலை இழுத்துப் பார்த்தன. எந்த ஆழத்தில் என்ன இனம், மணிக்கு எத்தனை கிலோ என்று எழுதினார்கள். நமக்குக் கிடைத்த ஆரம்ப இருப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்பின் முப்பது வருஷத்துக்குமேல் தொழிலாக யாரும் அங்கே பெரிதாகப் போகவில்லை. அந்த அமைதியான காலத்தில் நிதானமாக எண்ணியிருக்கலாம். 1999 கடைசியில் கேரள இழுவைப் படகுகள் ஆழத்துக்கு இறங்கின, தூத்துக்குடிப் படகுகளும் பின்தொடர்ந்தன. விஞ்ஞானிகள் விரிவாக அளந்ததில் பெரும்பகுதி அந்தப் படகுகள் கரைக்குக் கொண்டுவந்த இறாலைத்தான். என் பதினொரு நாள் கணக்கு மாதிரி.

மத்தியதரைக் கடலில் 2005 முதல் 1000 மீட்டருக்குக் கீழே இழுவலை கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். ரிஸ்ஸோவின் இறால் 3300 மீட்டர் வரை இருக்கிறதாம். அங்கே எண்ணியதில் ஒரு வேடிக்கை: ஆழம் போகப் போகப் பெரிய பெண்கள் பெருகும் என்றுதானே நினைப்போம்? ஆண்களும் குஞ்சுகளும்தான் அதிகம். எண்ணியிராவிட்டால் இது தெரிந்திருக்குமா? நம் மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது நாள்காட்டியைப் பார்க்கிறது, ஆழத்தைப் பார்ப்பதில்லை.

அல்காக் வலை இறக்கிய அந்தமான் ஆழத்தில் இன்னும் இந்தத் தொழில் வேரூன்றவில்லை. ‘சாகர் சம்பதா’ ஆராய்ச்சிக் கப்பல் அங்கே போய் இழுத்துப் பார்த்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஆரம்ப இருப்பு எழுத இப்போதும் இடம் இருக்கிறது.