பதினான்கு நாள் கண்ணாடி

மருத்துவமனையிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் ஏழு குறிப்புகள் இருந்தன. பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கான்டாக்ட் லென்ஸ் போடக் கூடாது. அன்றைக்குக் கண் மை கூடாது. பழைய பவர் சீட்டு இருந்தால் கொண்டுவர வேண்டும். சாப்பிடும் மருந்துகளை எழுதி வர வேண்டும். கறுப்புக் கண்ணாடி எடுத்து வர வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். கார் ஓட்டி வரக் கூடாது. (இருபத்தெட்டு வயதில் நான் சிங்கப்பூரில் கார் வைத்திருப்பேன் என்று நம்பிய அந்த நல்ல உள்ளத்துக்கு நன்றி.)

எனக்கு இரண்டு கண்ணிலும் 650 டிகிரி. பிரைமரி 2இல் பலகை தெரியாமல், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட நாளில் தொடங்கியது. இந்த ஊரில் இதைச் சொல்லி யாரிடமும் அனுதாபம் வாங்க முடியாது. தேசிய சேவைக்கு வரும் இளையர்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. கண்ணாடி போடாதவர்தான் இங்கே சிறுபான்மை.

வேலை செய்வது ஒரு வேஃபர் ஆலையின் லித்தோகிராஃபி பிரிவில். சிலிக்கான் தட்டில் ஒளியால் கோடு வரையும் இடம். தலை முதல் கால் வரை வெள்ளை பன்னி சூட், முகக்கவசம், அதற்கு மேலே கண்ணாடி. மூச்சு விட்டால் ஆவி படிந்துவிடும், கையுறையோடு துடைக்கவும் முடியாது. அதனால்தான் லென்ஸ். பத்து வருடமாக லென்ஸ் போட்டுப் போட்டு இப்போது மாலையானால் கண் மணல் கொட்டியது போல உறுத்துகிறது. சரி, லேசர் செய்துவிடலாம் என்று முடிவெடுத்து அம்மாவிடம் சொன்னேன்.

“நல்லா இருக்கிற கண்ணப் போயி ஏன்டி கீறிக்கிற?”

பதில் சொல்ல வரவில்லை. கண்ணாடி போட்டால் எனக்கு எல்லாம் தெரிகிறது. நோய் எதுவும் இல்லை. நோயில்லாத உறுப்பில் எதற்குக் கை வைக்க வேண்டும்? அம்மாவின் கேள்வியைக் கண் மருத்துவர்களும் ஒருவரை ஒருவர் பல காலம் கேட்டிருக்கிறார்கள் என்று லென்ஸ் போடாத அந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. சேர்ந்த புதிதில் மேலாளர் சொன்னார், “இதுல இருக்கிற ஒவ்வொரு வரியும் யாரோ சொதப்பினதுக்கு அப்புறம் சேர்த்தது.” குறுஞ்செய்தியையும், கூடவே வந்த நான்கு பக்கப் படிவத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். யார், எங்கே, எப்போது சொதப்பினார்கள்?

லென்ஸ் விஷயம் எளிது. கண்ணின் முன்பக்கத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா மென்மையானது. வருடக்கணக்கில் லென்ஸ் அழுத்தினால் அதன் வளைவு கொஞ்சம் மாறிவிடும். அந்த மாறிய வளைவை அளந்து லேசரை அமைத்தால், இல்லாத கண்ணுக்கு வைத்தியம் பார்த்தது போல ஆகும். எனவே கார்னியா தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பக் காத்திருக்கிறார்கள். அளக்கும் முறையோ ரொம்பப் பழையது. 1880இல் போர்ச்சுகலைச் சேர்ந்த பிளாசிடோ என்ற மருத்துவர், கறுப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் வரைந்த ஓர் அட்டையின் நடுவே துளை போட்டு அதன் வழியாக நோயாளியின் கண்ணைப் பார்த்தார். கார்னியாவில் தெரியும் பிரதிபலிப்பில் வட்டம் வட்டமாகவே இருந்தால் சரி. நெளிந்தால் மேற்பரப்பு கோணல். இன்றைய கணினி இயந்திரங்கள் பலவற்றில் நம் முகத்துக்கு நேரே ஒளிர்வது அதே வட்டங்கள்தான்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் கேட்டிருந்தது: குடும்பத்தில் யாருக்கேனும் கெரடோகோனஸ் உண்டா? கார்னியா மெலிந்து, நடுவில் கூம்பு போலப் புடைத்துக்கொள்ளும் நோய் அது. இந்தப் பெயரைத் தேடப் போய்த்தான் டோக்கியோவின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே 1930களின் இறுதியில் சுடோமு சாடோ என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கெரடோகோனஸ் முற்றிய சிலருக்குக் கார்னியாவின் உட்புறப் படலம் தானாகவே கிழிந்து, பின் ஆறும்போது கார்னியா தட்டையாகியிருந்தது. கிட்டப்பார்வைக்குத் தேவையும் அதுதானே? வளைவு குறைந்தால் ஒளி இன்னும் பின்னால் தள்ளிக் குவியும். கிழிசலை நாமே உண்டாக்கினால் என்ன என்று யோசித்தார். கார்னியாவின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கீறல்கள் போட்டார். நூற்றுக்கணக்கான கண்கள். பார்வை தெளிந்தது. 1953இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழிலும் கட்டுரை வெளிவந்தது.

கார்னியாவின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள்தான் அதிலிருந்து தண்ணீரை இடைவிடாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதக் கண்ணில் அவை செத்தால் மறுபடி வளர்வதில்லை. இது அப்போது தெரியாது. சாடோவின் கத்தி கடந்துபோனது அந்த அடுக்கின் ஊடாகத்தான். மிச்சமிருந்த செல்கள் சமாளித்துக்கொண்டே வந்தன. சராசரியாக 20 ஆண்டுகள். அதன் பிறகு கார்னியா நீர்கோத்து, கொப்புளம் கட்டி, மங்க ஆரம்பித்தது. பின்னாளில் மறுபடி பரிசோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இதே நிலைதான். சாடோ 1960இலேயே இறந்துவிட்டார். தன் நோயாளிகளுக்கு என்ன ஆனது என்பதை அவர் பார்க்கவில்லை.

இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. அவர் போலி மருத்துவர் அல்லர். கவனமாகப் பார்த்து, தர்க்கமாக யோசித்து, முடிவுகளை வெளியிட்டவர். நான் ஆலையில் செய்வதும் இதைத்தான். எங்கள் தவறு மறுநாள் காலை அளவீட்டில் தெரிந்துவிடும், தட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். அவருடைய தவறு தெரிய 20 வருடம் ஆனது.

1970களில் மாஸ்கோவில் ஃபியோதரோவ் உட்பக்கத்தை விட்டுவிட்டு வெளியே மட்டும் கீறினார். நோயாளிகளை வரிசையாக நகரும் மேடையில் படுக்கவைத்து, ஆளுக்கொரு கட்டமாக மருத்துவர்கள் வேலை பார்க்கும் அளவுக்கு அது தொழிற்சாலை ஆனது. (என் பிரிவுக்குக் கட்டாயம் பிடித்திருக்கும்.) அமெரிக்காவிலும் பரவியது. அங்கே அரசு ஆதரவில் நடந்த பத்தாண்டு ஆய்வு 1994இல் வெளியானபோது, 43 விழுக்காட்டுக் கண்களில் பவர் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ, நம் கணக்கில் 100 டிகிரி, தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தது. கீறிய கார்னியா அசைவதை நிறுத்தவில்லை. 1996இல் எவரெஸ்ட் ஏறப்போன பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருக்கு இந்தக் கீறல்கள் இருந்தன. உயரத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் கார்னியாவின் வடிவம் மாறிப் பார்வை போனது. மலையில் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருந்தவரைப் புயல் பிடித்தது. பிழைத்தார். ஒரு கையும் மூக்கும் போயின.

கொலம்பியாவின் பொகோட்டாவில் பராக்கேர் செய்தது எனக்கு இன்னும் நெருக்கம். கார்னியாவின் மேல் தகட்டைச் சீவி எடுத்து, உறையவைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, திரும்பக் கண்ணில் வைத்துத் தைத்தார்! கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கீறிப் பலவீனப்படுத்துவதைவிட, வேண்டிய வடிவத்துக்குச் செதுக்குவது மேல் என்ற எண்ணம் அவருடையது. செதுக்க ஏற்ற உளிதான் கிடைக்கவில்லை.

உளி கிடைத்தது ஒரு கணினி நிறுவனத்தில். 1981 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. முதல் நாள்தான் அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துக் கொண்டாடும் நன்றி நவிலும் நாள். நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐபிஎம் ஆய்வகத்துக்கு ரங்கசாமி சீனிவாசன் என்ற வேதியியலாளர், விருந்தில் மீந்த வான்கோழியில் கொஞ்சம் எடுத்துவந்தார். 1929இல் மதராஸில் பிறந்து, மதராஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலையும் முதுநிலையும் முடித்து அமெரிக்கா போனவர். ஒளி பட்டால் பிளாஸ்டிக் மூலக்கூறுகள் எப்படி உடைகின்றன என்பது அவர் துறை. எக்சைமர் லேசரின் 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி பிளாஸ்டிக்கைச் சுத்தமாக அரிப்பதை ஏற்கெனவே பார்த்திருந்தார். உயிர்த் திசுவை என்ன செய்யும்? ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரு சகாக்களோடு பார்த்தார். பச்சை லேசர் பட்ட இடம் கருகியது. 193 பட்ட இடத்தில் செதுக்கி எடுத்தது போல ஒரு பள்ளம், ஓரத்தில் துளி கருகல் இல்லை. அந்த ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்து, சூடு பரவுவதற்குள் திசுவைப் பறக்கவிட்டுவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். 193 நானோமீட்டர் எனக்குத் தெரிந்த எண். தெரிந்த என்ன, சோறு போடும் எண். நான் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்துக்குள் எரிவதும் அதே ஆர்கான் ஃபுளோரைடு எக்சைமர் லேசர்தான். 1982இல் அதே ஐபிஎம்மின் இன்னொரு ஆய்வகத்தில் காந்தி ஜெயின் எக்சைமர் லேசரால் சில்லுகளில் கோடு வரையலாம் என்று காட்டினார். அதன் வழிவந்ததுதான் என் வேலை. ஒரே ஒளி. பகலில் அதைக்கொண்டு சிலிக்கானில் வரைகிறேன், ஒரு சனிக்கிழமை போய் என் கண்ணைக் கொடுக்கப்போகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தமிழன் கண்டுபிடித்ததாக எது எதுவோ வரும். மதராஸ்காரர் சீனிவாசனின் பெயர் இதுவரை வந்ததில்லை.

1983இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல், சீனிவாசனோடு சேர்ந்து கன்றுக்குட்டிக் கண்களில் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார். பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதலில் செய்தது 1988இல், நியூ ஆர்லியன்ஸில், மார்கரீட் மெக்டோனல்ட். அந்தக் கண் ஒரு பெண்மணியுடையது. புற்றுநோயால் அதை அகற்றியே ஆகவேண்டிய நிலை. போகப்போகிற கண்தானே, அதற்கு முன் உங்களுக்குப் பயன்பட்டால் சரி என்று ஒப்புக்கொண்டார். கதிர் பட்ட கார்னியா எப்படி ஆறுகிறது என்பதை மருத்துவர்கள் அந்தக் கண்ணில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. சீனிவாசனுக்கும் வின்னுக்கும் பிளம்முக்கும் 2013இல் வெள்ளை மாளிகையில் பதக்கம் கிடைத்தது. எனக்கு அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள ஆசை.

அப்புறம் வேகம்தான். கார்னியாவில் மெல்லிய மூடி திறந்து, உள்ளே செதுக்கி, மூடியை மூடிவிடும் லாசிக் 1990களில் வந்தது. வலி குறைவு, மறுநாளே பார்வை. சொதப்பல்களும் கூடவே வந்தன. தொடக்கத்தில் சிறிய வட்டத்துக்கு மட்டும் செதுக்கினார்கள். இருட்டில் பாப்பா அதைவிடப் பெரிதாக விரிந்தபோது தெருவிளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது. இப்போது பாப்பாவின் அளவை இருட்டறையிலும் எடுப்பது அதனால்தான். 1998இல் ஜெர்மனியின் தியோ சைலர் இன்னொன்றை அறிவித்தார்: லாசிக் செய்த சில கண்களில் கார்னியா மெலிந்து முன்னால் புடைக்கிறது. கெரடோகோனஸ் மாதிரியே. எக்சைமர் லேசரை மனிதக் கண்ணுக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இந்த சைலர். தான் வளர்த்த முறையின் கெடுதலைத் தானே எழுதினார்.

பொறியாளர் புத்தி, கணக்குப் போட்டேன். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்குச் சுமார் 12 மைக்ரான் செதுக்க வேண்டும். எனக்கு ஆறரை, ஆக 78. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். சராசரி கார்னியா 540 மைக்ரான். மூடிக்கு 110 போக, 352 மிஞ்சும். குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. தாராளம். அம்மாவிடம் இதைச் சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மூடி திறக்காமல் மேற்பரப்பில் செய்யும் பழைய லேசர் முறைக்கு உள்ளானவர்களை 20 ஆண்டு கழித்துப் பார்த்ததில், கிட்டப்பார்வை கொஞ்சம் திரும்பியிருந்ததே தவிர கண்கள் நன்றாகவே இருந்தன. சாடோவின் 20 ஆண்டை அவை தாண்டிவிட்டன.

ஆனால் தடிமன் மட்டும் போதாது. முதலிலேயே மறைவாகப் பலவீனமாக இருக்கும் கார்னியா, கணக்கு சரியாக இருந்தும் புடைக்கலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தெற்காசிய வம்சாவளியினருக்கு வெள்ளையர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் கெரடோகோனஸ் வருவதாகச் சொன்னது. அடுத்த கேள்வி: கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? இரவுப் பணி முடிந்து கையுறையைக் கழற்றியதும் நான் செய்யும் முதல் காரியமே அதுதான். ‘உண்டு’ என்று டிக் செய்தேன். பேனா கொஞ்சம் தயங்கியது.

பதினைந்தாம் நாள் காலை, தடித்த கண்ணாடியோடு போனேன். “தாடைய இங்க வைங்க. இமைக்காம நடுவுல பாருங்க.” பிளாசிடோவின் வட்டங்கள். பிறகு தடிமன், கண்ணீரின் அளவு, இருட்டறை, பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. மருத்துவர் இரண்டு வண்ணப் படங்களைத் திரையில் வைத்தார். வலது கண் பச்சையும் நீலமுமாக அமைதியாக இருந்தது. இடது கண்ணில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு.

“ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்,” என்றார் மருத்துவர். “ஆனா இன்னைக்கு நான் செய்ய மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க, திரும்பப் படம் எடுத்துப் பார்ப்போம்.”

எம்ஆர்டியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசித் திரை வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது, எழுத்து கூடவில்லை. அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். 352 மைக்ரான் கணக்கையும் ஆரஞ்சு நிறத்தையும் விளக்கினேன். உட்லண்ட்ஸ் வருவதற்குள் பதில் வந்தது.

“சரி. கண்ணக் கசக்காம வீட்டுக்கு வா.”