தடியத்தேவர் வீட்டுப் பெண்கள்



பிப்ரவரி 4 புனித அருளானந்தரின் திருவிழா. ஓரியூர் போய்வந்தவர்கள் எடுத்து வந்த சிவப்பு மண், நம் பக்கத்து வீடுகளிலும் மாதா படத்தடியில் சிறு பொட்டலமாக இருக்கும். புனிதரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இன்று, அவர் உயிர்போகக் காரணமாயிருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தடியத்தேவர் மறவச் சீமையில் சிறுவல்லிப் பகுதியின் தலைவர். அரச குலத்தவர், இராமநாதபுரம் அரியணைக்கே உரிமை கோரத்தக்க மரபில் வந்தவர். அரியணையில் இருந்தவரோ கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய வலிமையான மன்னர். இப்படிப்பட்ட பங்காளி ஒருவர் செல்வாக்கோடு வாழ்வது எந்த அரசருக்கும் உறுத்தத்தான் செய்யும். தடியத்தேவருக்கு மனைவியர் பலர். கடைசி மனைவி கடலாயி, சேதுபதியின் உடன்பிறந்தார் மகள்.

தடியத்தேவர் தீராத நோயில் விழுந்தார். உபதேசியார் ஒருவர் வந்து யோவான் நற்செய்தியின் தொடக்கப் பகுதியை அவர்மேல் வாசித்துச் செபிக்க, நலமடைந்தார். உடனே திருமுழுக்குக் கேட்டார். அருளானந்தர் தயங்கினார். 1686-இல் இதே மறவச் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர் அவர். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையும் இருந்தது. ஆனால் அவர் முன்வைத்த நிபந்தனை தம் உயிரைப் பற்றியதல்ல: ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும். தடியத்தேவர் ஒத்துக்கொண்டார். மற்றவர்களைச் சகோதரிகளாக வைத்து, ஒரு குறையுமின்றிக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1693 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று திருமுழுக்கு நடந்தது.

கடலாயி நேரே சேதுபதியிடம் போனார். ஜனவரி 8-இல் அருளானந்தர் கைதானார். தடியத்தேவர் அரசரிடம் அவருக்காக வாதாடினார், பயனில்லை. தலைநகரிலேயே கொன்றால் கலகம் வரும் என்று சேதுபதி அஞ்சினார். ஆகவே வெளிப்பார்வைக்கு நாடுகடத்தல். ஓரியூரை ஆண்ட தம் சகோதரருக்கோ இரகசியமாகக் கொலை உத்தரவு. பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன், அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

பிரசங்கங்களில் கடலாயியை ஏரோதியாளுக்கு ஒப்பிடுவது வழக்கம். திருமுழுக்கு யோவான் கதையோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏரோதியாள் கணவனை விட்டு அவன் சகோதரனோடு வாழ்ந்தவள். கடலாயி அந்த நாட்டு முறைப்படி மணமுடித்து வந்தவர். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒருநாள் கணவர் வந்து, ‘இனி நீ எனக்குத் தங்கை’ என்கிறார். அவருக்கு அது அவமானமாகத்தான் பட்டிருக்கும். கணவன் இல்லாத அரசகுலப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் என்ன கதி? இதே சேதுபதி 1710-இல் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாற்பத்தேழு பேர்!

இதனால் அருளானந்தர் கேட்டது தவறென்று ஆகிவிடாது. ஒரு மனைவி என்பது இயேசுவின் போதனை; அதைத் தலைவனுக்காகத் தளர்த்தியிருந்தால் ஏழைக் கிறிஸ்தவனிடம் எந்த முகத்தோடு கேட்பது? கொலைக்கு உத்தரவிட்டதும் சேதுபதியே அன்றி, முறையிட்ட பெண் அல்ல. அவருக்கு வேறு கணக்கும் இருந்தது: அரசுரிமை உள்ள உறவினர் ஒருவர் பின்னால் புதிய மதத்தார் திரண்டுவிடக் கூடாது.

பலதார மணத்திலிருந்து மனந்திரும்பி வருகிறவரைப் பற்றி 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, எண் 1148. ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. விலக்கப்பட்ட பெண்களின் தேவைகள் நீதியின்படியும் அன்பின்படியும் போதுமான அளவு நிறைவு செய்யப்படுகின்றனவா என்று மறைமாவட்ட ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தடியத்தேவர் சொன்ன வாக்கு இங்கே ஆயரின் கடமையாகிவிட்டது.

திருமணச் சிக்கலைச் சரிசெய்து நற்கருணை வாங்க வேண்டும் என்று ஆண்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. சான்றிதழ்களைப் பார்க்கும் முன்னே நான் கேட்பது: ‘அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்? செலவுக்கு என்ன செய்கிறார்?’ சிலருக்குக் கோபம் வருகிறது. இரண்டொருவர் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.